புது ஹாட் ஹேட்ச்பேக்கில் எஞ்சின் உதறல்: ஒரு வருடம் ஓட்டிய அனுபவம்

2 லிட்டர் டர்போ பெட்ரோல், நாலு சிலிண்டர், ஆறு கியர் மேனுவல். வாங்கி ஒரு வருடம் ஆகிறது. வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, வந்த உதறலைப் பற்றியும், அதைச் சொன்னால் வழக்கமாகக் கிடைக்கும் "ஸ்போர்ட்ஸ் எஞ்சின், அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலைப் பற்றியும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 1,200 பக்கம் நிற்கும், சத்தமும் கரகரவென்று இருக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு வேண்டுமென்றே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, சூடான வாயுவை வெளியே தள்ளுகிறது. அந்த நேரத்தில் எஞ்சின் வழவழப்பாக ஓடாது. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். பானெட்டுக்குள் கேட்கும் டிக் டிக் சத்தம் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் போடுவது. எஞ்சினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்ட்டும் இந்த வகை வண்டிகளில் இறுக்கமாகவே இருக்கும். ஏசி கம்ப்ரெசர் ஓடும்போது கியர் நாபில் லேசாக அதிர்வு தெரிவது அதனால்தான். இவற்றுக்காக யாரும் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம்.

என் வண்டியில் வந்தது வேறு. ஓடோமீட்டர் 4,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு ஆரம்பித்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சிக்னலில் நிற்கும்போது, 750-இல் இருக்கும் ஆர்பிஎம் முள் சட்டென்று 600-க்குக் கீழே இறங்கித் திரும்ப ஏறும். அந்த நொடியில் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் விளக்குகள் இரண்டாகத் தெரியும். அடுத்த வாரமே இன்னொன்று சேர்ந்தது: நான்காவது கியரில், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்தால், டர்போ அழுத்தம் ஏறும் இடத்தில் வண்டி ஒரு திணறு திணறிவிட்டுப் பிறகு இழுக்கும்.

நாலு சிலிண்டர் எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 25 முறை எரிகிறது. அது உடம்புக்கு ஒரு மெல்லிய ரீங்காரமாகத்தான் தெரியும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால், வினாடிக்கு ஆறு முறை என்ற கணக்கில் வண்டி குலுங்கும். மெதுவான, எண்ணிவிடலாம் போன்ற அந்தக் குலுக்கலை ஒருமுறை உணர்ந்தவர்கள் ரீங்காரத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

முதல் இரண்டு தடவையும் சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "செக் எஞ்சின் லைட் எரியலையே சார்" என்று அனுப்பிவிட்டார்கள். லைட் எரியாததால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவது, விட்டுவிட்டு வந்தால், ஈசியு முதலில் அதை உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் பொதுவாக லைட்டைப் போடும். லைட் மினுக்மினுக்கென்று அடித்தால் அது வேறு கதை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கருக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், அந்த வண்டியை மேற்கொண்டு விரட்டக் கூடாது.

மூன்றாவது தடவை நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு என்னோடு வண்டியில் வர வேண்டும், எஞ்சின் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். அதற்கு முன் நடந்ததெல்லாம் குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பரிசோதனைகள். வந்தவர் பொறுமைசாலி. ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் தனித்தனியாகத் திரையில் வைத்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை பூஜ்யத்திலேயே நிற்க, மூன்றாவது மட்டும் ஏறிக்கொண்டே போனது. பி 0303 என்ற கோளாறுக் குறியீடும் நிலுவையில் பதிவாகியிருந்தது. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். ஃப்யூயல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம், பூஜ்யத்தை ஒட்டியே இருந்ததால் காற்றுக் கசிவு பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. கசிவு இருந்தால் ஐடிலிங்கில் அது பிளஸ் பக்கம் நன்றாக ஏறியிருக்கும்.

பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டினார், ஒன்றாவதை மூன்றாவதில். மறுபடி ஓட்டினோம். மிஸ்ஃபயர் அப்படியே ஒன்றாவதற்கு இடம் மாறிவிட்டது. பிளக்கோ இன்ஜெக்டரோ அல்ல, காயில்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். சூடேறினால் மட்டும் வந்ததற்கும் டர்போ அழுத்தத்தில் திணறியதற்கும் காரணம் ஒன்றுதான்: சூட்டில் காயிலின் உட்புற இன்சுலேஷன் பலவீனமாகிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கிறது. பலவீனமான காயில் அந்த இடத்தில்தான் கைவிடும்.

வாரண்டியில் புதுக் காயில் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு முள் 750-ஐ விட்டு அசையவில்லை, நான்காவது கியர் திணறலும் போய்விட்டது. முதல் இரண்டு வருகைகளின் புகாரையும் ஜாப் கார்டில் தேதியோடு எழுதச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்தபின் இன்னொரு காயில் போனால், இது புதிதாக வந்த தொல்லை அல்ல என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.

பெட்ரோல் மூடியில் எழுதியிருக்கிற ஆக்டேனுக்குக் கீழே நான் போடுவதில்லை. போட்டால் நாக் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரும், அதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சாரின் தகவலைக் கேட்டு ஈசியு ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும், பிக்கப் மந்தமாகும். ஆனால் ஐடிலிங் உதறலுக்கு அதைக் குற்றம் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். ஐடிலிங்கில் எஞ்சின் மேல் சுமை மிகக் குறைவு. நாக் வருவதற்கான இடம் அது இல்லை. வால்வில் கார்பன் படிந்திருக்கும் என்று சொன்னாலும் அப்படித்தான். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷனில், காற்று நுழையும் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது என்பது நிஜம், ஆனால் உதறல் வரும் அளவுக்குப் படிவதற்குப் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். என் வண்டி அந்தக் கட்டத்துக்கு வரும்போது கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வதாக இருக்கிறேன்.