ஒரே கணினியில் பலர்: விண்டோஸை வளைப்பதா, லினக்ஸுக்கு மாறுவதா?

ஒரே கணினிக்குள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து நுழைய வேண்டும்; அவரவர் திரையில் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். எளிய தேவைதான். ஆனால் விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்புகள் ஒரு நேரத்தில் ஓர் அமர்வை, அதாவது ஒருவர் உள்நுழைந்து வேலை செய்வதை, மட்டுமே அனுமதிக்கின்றன. தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால், கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஹோம் பதிப்பில், ரிமோட் டெஸ்க்டாப் என்ற விண்டோஸின் தொலைநுழைவு வசதி வழியாக உள்ளே வரவே முடியாது. கணினியின் திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது உரிமம் போட்ட வேலி.

டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை இந்தத் தேவைக்கு உதவாது. அவை ஒரே திரையைத்தான் பலருக்குக் காட்டுகின்றன. ஒருவர் சுட்டியை நகர்த்தினால் எல்லோருக்கும் நகரும்.

ஆக மிஞ்சுவது மூன்று வழிகள்: விண்டோஸின் அமர்வு வரம்பைத் தளர்த்தும் ஆர்டிபி ராப்பர் என்ற கருவி, முறைப்படி பலருக்கென்றே வரும் விண்டோஸ் சர்வர் பதிப்பு, லினக்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை ஏற்கும் எக்ஸ்ஆர்டிபி என்ற மென்பொருள். எங்கள் வீட்டுக் கணினிக்கு நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. பராமரிப்புதான் என்னை அந்தப் பக்கம் தள்ளியது.

ஆர்டிபி ராப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். ரிமோட் டெஸ்க்டாப் சேவையின் உயிர்நாடி டெர்ம்சர்வ் என்ற டிஎல்எல் (நிரல் நூலகக்) கோப்பு. ராப்பர் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை. சேவை நினைவகத்தில் ஏறும்போது குறுக்கே புகுந்து, அமர்வு வரம்பைச் சரிபார்க்கும் இடங்களை மட்டும் மாற்றுகிறது. அந்த இடங்கள் கோப்பின் ஒவ்வொரு பதிப்பிலும் வேறு வேறு. எந்தப் பதிப்பில் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் ஓர் ஐஎன்ஐ (அமைப்பு விவரக்) கோப்பில் இருக்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பு வந்து டெர்ம்சர்வ் மாறினால், புதிய பதிப்பு எண் அந்தப் பட்டியலில் இருக்காது. ராப்பரோடு வரும் சிறிய சோதனைக் கருவியில் நேற்றுவரை பச்சையாக இருந்த வரி, ஆதரவில்லை என்று சிவப்பாக மாறிவிடும். பிறகு யாராவது ஒரு தன்னார்வலர் புதிய எண்களைக் கண்டுபிடித்து வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும். மூலத் திட்டத்தின் கடைசி வெளியீடு 2017இல் வந்தது. அதன் பிறகு வண்டி ஓடுவது தன்னார்வலர்களின் உழைப்பில்தான். அவர்கள்மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை புதுப்பிப்பு வரும் இயங்குதளத்தில் இதை நம்பி எப்படி நிம்மதியாக வெளியூர் போவது? தொலைவிலிருந்து நுழைய வைத்த வசதி உடைந்துவிட்டால், அதைச் சரிசெய்யவும் தொலைவிலிருந்து நுழைய முடியாமல் போகலாம்.

புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். 2019இல் வெளிப்பட்ட ப்ளூகீப் ஓட்டை ரிமோட் டெஸ்க்டாப் சேவையிலேயே இருந்தது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகும் அளவுக்கு அது ஆபத்தானது என்பதால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. வெளியிலிருந்து ஆள் வருவதற்கென்றே கதவு வைத்த கணினியில் பூட்டைப் பழுதுபார்க்காமல் விடக் கூடாது. டெர்ம்சர்வ் கோப்பையே ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாக மாற்றும் கருவி) திருத்துபவர்களுக்கும் இதே கதிதான்; அடுத்த புதுப்பிப்பு அந்தத் திருத்தத்தை அழித்துவிடும். உரிமத்தை மீறுகிறோம் என்பதும், ராப்பரை வைரஸ் தடுப்பான்கள் பிடித்துப்போடும் என்பதும் தனி.

விண்டோஸ் சர்வர் நேர்மையான வழி. நிர்வாக வேலைக்காக இரண்டு அமர்வுகளைக் கூடுதல் உரிமம் இல்லாமலே தருகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சேவைகள்) என்ற கூறை நிறுவி, 120 நாள் சலுகைக் காலம் முடிவதற்குள் ஆளுக்கோ கருவிக்கோ ஓர் அணுகல் உரிமம் வாங்க வேண்டும். அலுவலகத்துக்குப் பொருந்தும், வீட்டுக்கு அது சுமை.

லினக்ஸில் இந்த வேலியே இல்லை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியங்களில் எக்ஸ்ஆர்டிபி பொதி, நிறுவத் தயாராக இருக்கிறது. நிறுவியதும், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் அதே 3389 துறையில் (இணைப்புகள் வந்து சேரும் போர்ட்) காத்திருக்கும்; விண்டோஸிலிருந்து வழக்கமான ரிமோட் டெஸ்க்டாப் செயலியையே திறந்து நுழையலாம். சாளரத்தை மூடினாலும் அமர்வு உயிரோடு இருக்கும். மாலையில் வேறு மடிக்கணினியிலிருந்து வந்தால் பாதியில் விட்ட ஆவணம் அப்படியே திறந்திருக்கும். அமர்வுகளின் உச்சவரம்பை அமைப்புக் கோப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம். உண்மையான வரம்பு நினைவகம்தான். ஆளுக்கொரு உலாவி திறந்தால் 8 ஜிபி மூச்சுத்திணறும். 16 ஜிபி இருந்தால் மூவருக்குக் கவலையில்லை. எல்லாவற்றையும்விட, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது எக்ஸ்ஆர்டிபியும் அதே களஞ்சியத்திலிருந்து சேர்ந்தே வருகிறது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. கணினியின் முன் ஒரு பயனர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும்போது அதே பெயரில் தொலைவிலிருந்தும் நுழைந்தால், பல நேரம் கறுப்புத் திரைதான் வரும். ஆளுக்கொரு கணக்கு, நேரில் வேலை முடிந்ததும் வெளியேறும் பழக்கம், இரண்டும் இருந்தால் போதும். நுழைந்தவுடன் நிற மேலாண்மைக்கு நிர்வாகி கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி எழுவதுண்டு. லினக்ஸில் அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட்டில் விதி ஒன்றைச் சேர்த்தால் அடங்கிவிடும். ஒலி வேண்டுமென்றால் தனித் தொகுதி நிறுவ வேண்டும். லினக்ஸில் மேசைத்தளத்தை, அதாவது திரையில் தெரியும் சாளரச் சூழலை, நாமே தேர்ந்தெடுக்கலாம்; இலகுவான எக்ஸ்எப்சிஇ என் பரிந்துரை. க்னோம் என்ற மேசைத்தளம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2024இல் வந்த 46ஆம் பதிப்பிலிருந்து தொலை உள்நுழைவு அதிலேயே இருக்கிறது. நான் அதை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் ஆவணம், உலாவி, நிரல் எழுதுதல் போன்ற வேலைகளோடு நிற்கிறது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை ஆகியவற்றுக்கு என் சொல்லை நம்பி மாற வேண்டாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளைப் பலர் பகிர வேண்டியிருந்தால், சர்வருக்கே செலவழியுங்கள்.

எந்த வழியில் போனாலும் 3389 துறையை ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்ட் போன்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து, அங்கிருந்து நுழையுங்கள்.