மகள் பெயரா, காபிக் கொப்பா, சிக்குக் கோலமா? குத்திக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியது

சேலத்தில் டாட்டூக் கடையைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு சுற்று சுற்றினால் போதும். எதைக் குத்திக்கொள்வது என்பதுதான் ஆளைப் படுத்தி எடுக்கிறது. போன தை மாதம் இடது முன்கையின் உட்புறத்தில் நான் ஒரு சிக்குக் கோலம் போட்டுக்கொண்டேன். அதற்கு முன்பு மூன்று விருப்பங்களுக்கு நடுவே வெகுநாள் நின்றேன். மகள் மேகலாவின் பெயரைத் தமிழில் எழுதிக்கொள்வது ஒன்று. ஏற்காட்டுக் காபிக் கொப்பு, அதாவது காபிச் செடியின் கிளை, ஒன்று. கோலம் ஒன்று. நான் கோலத்தின் பக்கம்தான் பேசப்போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் எனக்குப் பிடிக்காமல் விட்டவை அல்ல.

எல்லோரும் கேட்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வலி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மணிக்கட்டுப் பக்கம் போகப் போகச் சுருக்கென்று இருக்கும், சதைப்பற்றுள்ள இடத்தில் தாங்கிக்கொள்ளலாம். காசு படத்தின் அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்தது. சுத்தத்தில் மட்டும் பேரமே வேண்டாம். ஊசி உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரிய வேண்டும், மையைச் சின்னக் குப்பியில் தனியாக ஊற்ற வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் வரிசையாகப் போடுகிறவர்களிடம் கையை நீட்டவே நீட்டாதீர்கள். மஞ்சள் காமாலையின் பி, சி வகைக் கிருமிகள் அந்த வழியாகவும் பரவும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். இருபது முப்பது வருஷம் கழித்து அந்தப் படம் படமாகவே இருக்குமா?

மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஊசி அதைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை வைக்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அங்கே காவலுக்கு நிற்கும் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையை அடுத்த செல் வாங்கிக்கொள்கிறது. 2018-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் இதைக் காட்டினார்கள். இப்படிக் கைமாறிக்கொண்டே இருப்பதால்தான் பச்சை குத்தியது ஆயுசுக்கும் நிற்கிறது. ஆனால் வயதாக ஆக, வெயில் பட்டு, தோல் தளர்ந்து, கோடு மெல்ல மெல்லத் தடிக்கிறது. இன்று மயிரிழையாக இருப்பது நாளை கம்பியாகும். அப்போது கோட்டுக்குக் கோடு இடம் விட்டிருந்தால் படம் பிழைக்கும். விடவில்லையென்றால் எல்லாம் சேர்ந்து திட்டாகிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், இரண்டு கைகளில் பார்த்திருக்கிறேன். வாழப்பாடிப் பக்கத்துக் கிராமம். கல்யாணத்துக்கு முன்னால், ஊர் ஊராக வரும் குறத்தி ஒருவரிடம் குத்திக்கொண்டது. வலது முன்கையில் புள்ளிக் கோலம், இடது முன்கையில் அண்ணன் பெயர், 'கண்ணன்' என்று. ஒரே தோல், ஒரே மை, ஒரே நாள். மையும் அந்தக் காலத்து மைதான். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து எடுத்த கரி. வேதியியலாகப் பார்த்தால் இன்றைய கறுப்பு மையிலும் முக்கியச் சரக்கு கரிதான். அதனால் அந்தக் கைகள் சொன்ன சாட்சியை நான் முழுசாக நம்புகிறேன்.

இடது கையில் 'ண்ண' இருந்த இடத்தில் கடைசிக் காலத்தில் ஒரு நீலப் பட்டைதான் இருந்தது. சுழிகள் மூன்றும் மூடி, பக்கத்து எழுத்தின் சுழிகளோடு ஒட்டிப்போய், மேலே வைத்த புள்ளியும் அதில் கரைந்துவிட்டது. முதல் 'க' மட்டும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வலது கையில் கோலத்தின் புள்ளிகளும் பெருத்திருந்தன, கம்பியும் தடித்திருந்தது. ஆனாலும் புள்ளியை எண்ண முடிந்தது, கம்பி எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று விரலை வைத்துத் தொடர முடிந்தது. சின்ன வயசில் நான் அப்படித் தொடர்ந்துதான் அந்தக் கோலத்தைப் பழகினேன்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பெயரைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் குறையே இல்லை. சிக்கல் தமிழ் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. நம் எழுத்துகளில் சுழி அதிகம், உள்ளே அடைபட்ட வெற்றிடம் அதிகம். 'ண', 'ழ', 'ஞ', 'இ' எல்லாமே அப்படித்தான். மேகலாவின் 'மே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'மெ'க்கும் 'மே'க்கும் வித்தியாசம் கொம்பின் மேலே இருக்கும் அந்த ஒற்றைச் சுழிதான். அது மூடிப்போனால் பெயரே மாறிவிடும். போட்டுவிட்ட தம்பி இதைப் பட்டென்று சொன்னார்: "அக்கா, பேருதான் வேணும்னா எழுத்தைப் பெருசாப் போடுங்க. இங்கிலீஷ்ல போடுற சைஸ்ல தமிழைப் போட்டா, பத்து வருஷத்துல எனக்கே படிக்க வராது." அவர் கணக்குப்படி சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. அந்தக் கணக்கில் மகள் பெயரை எழுதிப் பார்த்தால் முன்கையில் பாதியை அடைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய எழுத்து எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. உங்களுக்குச் சம்மதம் என்றால் பெயர் நல்ல தேர்வுதான்.

பெயர் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. கம்ப்யூட்டரில் தட்டி எடுத்த எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம். படம் வரையும் சில மென்பொருள்களுக்குத் தமிழ் சரியாகப் பிடிபடாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதில் பின்னால் போய் உட்காரும், புள்ளி நகர்ந்துவிடும். தாளில் கையால் எழுதிக் கொடுங்கள். ஊசி போடும் முன் படத்தின் நகலைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலை ஒட்டிய பிறகு, கூட வந்தவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், எழுத்து திரும்பித் தெரியும்.

காபிக் கொப்பு என் மனசுக்கு மிக நெருங்கியது. அப்பா ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார் என்பதை எங்கள் வீட்டில் குடும்பக் கதை போலச் சொல்வார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் மொத்தத் தோட்டமும் வெள்ளையாகப் பூத்து மணப்பதைப் பார்த்தவர்களுக்கு, எதிரெதிராக இலை வைத்து, கணுவுக்குக் கணு கொத்தாய்ப் பழம் தொங்கும் அந்தக் கொப்பை மறக்க முடியாது. அழகு என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் கொப்பின் அழகெல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. இலை நரம்பும், அலையலையான ஓரமும், பழத்தின் மேல் விழும் வெளிச்சமும் ஒற்றை ஊசியின் மெல்லிய கோட்டில்தான் வரும். அந்த மெல்லிய கோடுதான் முதலில் மங்கும், இல்லையென்றால் பரவும். பழம் சிவப்பாக வேண்டும், அங்கே இன்னொரு தடை. டாட்டூ மைகளில் அரிப்பு, தடிப்பு போன்ற ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது சிவப்புதான் என்பது தோல் மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. வண்ணத்தைப் பற்றி என் தோலில் அனுபவம் இல்லை. சித்தி மகள் தோளில் இருக்கும் மயிலை வைத்துத்தான் சொல்கிறேன். நீலமும் கரும்பச்சையும் நிற்கின்றன, மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை. மாநிறத் தோலில் மையின் மேல் நம் தோலின் நிறமும் படிந்திருப்பதால், வெளிர் நிறங்கள் தொடக்கத்திலேயே அடங்கித்தான் தெரியும். ஒரு தோளை வைத்து எல்லாத் தோளுக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கொப்பே வேண்டும் என்கிறவர்கள் இலையை நரம்பில்லாமல் கறுப்பு நிழலுருவாகவும், பழங்களைப் பெரிய வட்டங்களாகவும் வரையச் சொல்லலாம். அது நிற்கும் என்றே நினைக்கிறேன்.

இனி கோலம். சிக்குக் கோலத்தின் கட்டுமானமே இடைவெளிதான். புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்கிறோம், கம்பி புள்ளியைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போகிறது. என்னுடையது நடுவரிசையில் 5 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 3, பிறகு 1. புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைக்கச் சொன்னேன். அப்படியானால் புள்ளிக்கும் கம்பிக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சும்மா கிடக்கும் தோல் இருக்கிறது. கம்பி இரண்டு மடங்கு தடித்தாலும் புள்ளியை முட்டாது. படம் முழுக்க இடைவெளி ஒரே அளவாக இருப்பதால் பரவினாலும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பரவும். எழுத்தில் அப்படி இல்லை. 'ல' திறந்து நிற்கும்போதே பக்கத்திலிருக்கும் 'மே'யின் கொம்பு மூடிவிடும்.

கறுப்பு மட்டுமே போதும் என்பது இரண்டாவது லாபம். பிற்காலத்தில் அழிக்க நினைத்தால் லேசருக்கு முதலில் மசிவது கறுப்புதான். மஞ்சளும் பச்சையும் அடம்பிடிக்கும். அழிப்பது லேசான காரியமும் இல்லை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும், நம் நிறத் தோலில் வெளுத்த திட்டு விழும் ஆபத்தும் உண்டு. எனக்கு அழிக்கும் எண்ணம் இல்லை. கோலத்தைப் பெருக்கும் எண்ணம் உண்டு. வெளியே ஒரு வரிசை புள்ளி சேர்த்தால் கோலம் பெரிதாகும், பழையது கெடாது. பெயரையோ கொப்பையோ அப்படி வளர்த்துக்கொண்டு போக முடியாது.

கோலத்துக்கும் குறை உண்டு. கொப்பில் ஒரு இலை கோணினால் யாருக்கும் தெரியாது. கோலத்தில் ஒரு வளைவு பிசகினால், வாசலில் கோலம் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணின் கண்ணும் நேராக அங்கேதான் போகும். எனவே போடுகிறவர் முன்பு போட்ட வளைகோடுகளைக் கிட்டத்தில் பாருங்கள், அதுவும் புதிதாகப் போட்டதை அல்ல, ஆறி வருஷமானதை. கம்பியும் கம்பியும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை இரண்டு தடவை இறங்கித் தடிக்கும். வெட்டு குறைவாக உள்ள கோலத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது இடம். உள்ளங்கையைத் திருப்பினால் முன்கைத் தோல் முறுக்கிக்கொள்ளும், மணிக்கட்டுப் பக்கம் அதிகம், முழங்கைப் பக்கம் குறைவு. சதுரமாக நிற்க வேண்டிய கோலம் மணிக்கட்டில் கோணிக்கொண்டே இருக்கும். நான் முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே போட்டுக்கொண்டேன். ஸ்டென்சில் ஒட்டும்போது கையை மேசையில் நீட்டி வைக்காமல், சும்மா தொங்கவிட்டு நிற்கும் நிலையில் ஒட்டச் சொல்லுங்கள்.

முன்கையின் உட்புறம் வேறு வகையிலும் சௌகரியம். வண்டி ஓட்டும்போது சேலத்து வெயில் நேராக வந்து அறைவது வெளிப்புறத்தில். ராணுவத்துக்கு முயற்சி செய்யும் தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும், ஆள்சேர்ப்பு விதியில் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் பொதுவாக ஏற்கப்படும் இடங்கள்.

எந்தப் படமாக இருந்தாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அச்சு ஏறாத நியூஸ்பிரிண்ட் தாளோ டிஷ்யூ தாளோ எடுத்து, நிஜ அளவில், மை ஊறும் ஸ்கெட்ச் பேனாவால் படத்தை வரையுங்கள். ஊறி முடிந்ததும் கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே மூடிக்கொள்ளும் சுழி பின்னாளில் கையிலும் மூடும். என் மகள் பெயர் அந்தத் தாளில்தான் தோற்றது. கோலம் அப்படியே நின்றது. முருகனின் வேல் ஒன்றையும் வரைந்து பார்த்தேன், அதுவும் அருமையாக நின்றது. கோலம் வேண்டாம், சின்னதாக ஒன்று போதும் என்பவர்களுக்கு நான் அதைச் சொல்வேன்.

சோதனைக்காகக் கறுப்பு மருதாணி வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கருகருவென்று வருவதற்காக அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள், தோல் வெந்து கொப்பளிக்கும். ஸ்டென்சிலை மட்டும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அது குளிக்கக் குளிக்கப் போய்விடும், அதுவரை கண்ணாடியிலும் வேலையிடத்திலும் கூடவே வைத்துப் பழகலாம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட முதல் சில வாரம் ஊறக் கூடாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மஞ்சள் நீராடுகிறவர்கள், மேட்டூருக்கோ கிளியூர் அருவிக்கோ குளிக்கப் போகிறவர்கள் அதை முடித்துவிட்டுப் போடட்டும். சித்திரை வைகாசி வேர்வை புண்ணை ஆற விடாது. எனக்குத் தை மாதம் ஒத்துவந்தது. வழக்கமாக ரத்தம் கொடுக்கிறவராக இருந்தால், முதலில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு நாள் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். டாட்டூ போட்ட பிறகு ஒரு வருஷம் உங்களிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.