கிரைட்டீரியனின் ‘டோக்கியோ ஸ்டோரி’ ப்ளூ-ரே

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953-இல் இயக்கிய இப்படத்தின் மூல நெகட்டிவ் தீ விபத்தில் அழிந்துவிட்டதால், எஞ்சிய பிரதிகளிலிருந்தே அதை மீட்டெடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கருத்தில் கொண்டால், அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட இந்த ப்ளூ-ரேயின் படத்தரம் பாராட்டத்தக்கது. அதாமி கடற்கரைச் சுவரில் யுகாத்தா எனும் மெல்லிய ஜப்பானிய அங்கியில் அமர்ந்திருக்கும் முதிய தம்பதியர் கிளம்ப எழும்போது மனைவி சற்றே தடுமாறுவாரே, அந்தக் காட்சியில் வெயிலின் வெளுப்பும் துணியின் மடிப்பும் தெளிவாகத் தெரிகின்றன. பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் தாழ்வாக வைக்கப்பட்ட கேமரா பெரும்பாலும் அசைவதே இல்லை. முன்னறையில் உரையாடல் நடக்கையில் பின்னறையில் ஒருவர் கடந்து செல்வதும் கதையின் பகுதியே என்பதால், செல்பேசியில் பார்ப்பது வீண் வேலை. 136 நிமிடங்களையும் தொலைக்காட்சித் திரையில், ஒரே மூச்சில் பார்ப்பது உத்தமம்.

கூடுதல் இணைப்புகளில், ஓசுவைப் பற்றிய 1983-ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்றே விலைக்கு ஈடாகும். வசனத்துக்கு ஆங்கிலத் துணையுரை உண்டு.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்கவும்: ப்ளூ-ரே வட்டுகளும் பிளேயர்களும் நாடுகளுக்கேற்ப ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன; இது ‘ஏ’ மண்டல வட்டு. இந்தியா ‘சி’ மண்டலத்தில் இருப்பதால், இங்கு விற்கப்படும் சாதாரண பிளேயர்களில் ஓடாது. ‘ஏ’ மண்டலத்திலேயே இருக்கும் சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.