கண்ணாடிக்குத் தப்பும் மோட்டார் சைக்கிள்: ரேடாரா, கேமராவா?

புதிய கார் பார்க்கப் போகிறவர்கள் ஏர்பேக் எத்தனை என்று மறக்காமல் கேட்கிறார்கள். பக்கக் கண்ணாடியில் சிக்காத வண்டியைக் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கோலாலம்பூரில் கேட்க வேண்டியது அதைத்தான். நெரிசலில் தடங்களுக்கு நடுவே நுழைந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் இங்கே அன்றாடக் காட்சி. புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் ஆசியான் என்கேப் மதிப்பீட்டிலும் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்குத் தனிப் புள்ளிகள் உண்டு.

பெரோடுவாவின் அத்திவா, அல்சா கார்களில் உயர் ரகமான ஏவியில் இருப்பது ரேடார். பின்பம்பரின் இரு மூலைகளிலிருந்தும் அது கவனிக்கிறது. பக்கவாட்டில் வண்டி வந்தால் கண்ணாடியில் சிறு விளக்கு எரியும். அந்தப் பக்கம் சிக்னல் போட்டால் எச்சரிக்கை தீவிரமாகும். ஹோண்டா சிட்டி, சிவிக் ஆகியவற்றின் சில ரகங்களில் இருக்கும் லேன்வாட்ச் வேறு வகை. இடது கண்ணாடியின் அடியில் ஒரு கேமரா. இடப்பக்க சிக்னல் போட்டதும் நடுத்திரையில் படம் விரியும்.

நகருக்குள், பிரிக்பீல்ட்ஸில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது கேமராவுக்கே என் ஓட்டு. அங்கே ரேடார் விளக்கு அணையவே அணையாது. எந்நேரமும் எரியும் விளக்கை யார் மதிப்பார்கள்? திரையிலோ, வருவது உணவு விநியோகிப்பவரா, எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பது வரை தெரியும். 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பதால் ஆளைக் கண்டுபிடிப்பதும் எளிது. மழை நாளில் லென்ஸில் நீர்த்துளி நின்றால் மட்டும் திண்டாட்டம்.

ஆனால் கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. முந்துவதற்கு வலப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். லேன்வாட்ச் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. திரையைப் பார்க்கப் பார்வையும் சாலையை விட்டு விலகுகிறது. ரேடார் விளக்கு, கண்ணாடியைப் பார்க்கும்போதே கண்ணில் படும். நாள்தோறும் கிள்ளானிலிருந்து வேலைக்கு வருபவர் யோசிக்காமல் ரேடாரை வாங்கலாம். பம்பரில் அடிபட்டுச் சரிசெய்தால் உணரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கோணம் சற்று மாறினாலும் எச்சரிக்கை பிசகும்.

பழைய கார்க்காரர்களுக்குக் கண்ணாடியில் ஒட்டும் குட்டிக் குவியாடி போதும். பம்பரில் துளையிட்டுப் பொருத்தும் மீயொலி உணரிகளுக்கு நான் செலவழிக்க மாட்டேன். எட்டும் தூரம் குறைவு.

எதை வாங்குவதாக இருந்தாலும், சோதனை ஓட்டத்தை மாலை ஐந்தரைக்குக் கேளுங்கள். விற்பனையாளர் காலை பத்து மணிக்குத்தான் வரச் சொல்வார்.