ஒரே பை, மூன்று முகவரி: கடைப் பெயர் போட்ட நாய்த் தீனியில் 18 மூட்டை

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்திலிருந்து மாமன் மகன் போன் செய்தான். "மச்சா, நீ வாங்குவியே அந்தக் கடைப் பெடிகிரி, பத்து கிலோ மூட்டைக்கு விலை எறக்கிட்டாங்களாமே. நம்ம ராஜாவுக்கு வாங்கலாமா?"

எங்கள் பக்கத்தில் நாய்க்கு எந்தக் காய்ந்த தீனி வாங்கினாலும் அதற்குப் பெயர் பெடிகிரிதான். அவன் கேட்டது சூப்பர் மார்க்கெட்காரர்கள் தங்கள் கடைப் பெயரையே போட்டு விற்கும் தீனியை. 1,650 ரூபாயாக இருந்த மூட்டை இப்போது 1,490. "வாங்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயமில்லை இது, அதனால் எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தென்னந்தோப்பு. தோப்புக் காவலுக்கு செவலி இருக்கிறாள். நாட்டு நாய், ஐந்து வயது, கருத்தடை செய்தாயிற்று, எடை 16 கிலோ. முதல் மூன்று வருடம் மட்டை அரிசிச் சோறும் மத்தித் தலையும்தான் அவளுக்குச் சாப்பாடு. ஆசையாகத் தின்பாள், ஆனால் முடி மங்கி முதுகில் சொரசொரவென்று இருந்தது. மிருகாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, சோறு வயிற்றை நிரப்பும், அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கணக்காகக் கிடைக்காது என்றார். நாய்க்கு கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை என்ற அளவில் இருக்க வேண்டுமாம். பெரிய கம்பெனித் தீனியின் விலையைக் கேட்டால் தேங்காய் விலை இருக்கிற லட்சணத்தில் கட்டுப்படியாகாது. அப்படித்தான் இந்தக் கடை மூட்டைக்கு வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் முடி பளபளத்தது. காலையில் வேலியோரம் அவள் வெளிக்கு இருந்துவிட்டுப் போன இடத்தைப் பார்த்தாலே தெரியும்: சோறு தின்ற காலத்தில் கொழகொழவென்று பெரிதாக இருந்தது, இப்போது சின்னதாக, கெட்டியாக, மண்வெட்டியில் ஒரே தள்ளில் வந்துவிடும். தின்றது உடம்பில் சேர்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டாம். பைக்குப் பின்னால் புரதம் 24 சதவீதம், கொழுப்பு 10, ஈரம் 10 என்று போட்டிருந்தார்கள். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் புரதம் 26க்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் ஆப்கோ என்ற அமைப்பின் கணக்குப்படி, வளர்ந்த நாய்க்கு ஈரம் நீக்கிய தீனியில் புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு 5.5 இருந்தால் போதும். ஆகவே எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அளவில் மட்டும் பையை நம்பாதீர்கள். 16 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 320 கிராம் என்று அட்டவணை போட்டிருந்தது. அப்படியே போட்டேன், நாலே மாதத்தில் 18 கிலோவைத் தாண்டிவிட்டாள். டாக்டர் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார். நாயின் எடைக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடு. 16க்கு 2 வரும். அந்த 2ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் 8. அதை 70 ஆல் பெருக்கினால் 560 கலோரி, சும்மா படுத்திருக்கும் நாய்க்கு அது போதும். நடமாட்டம் உள்ள, கருத்தடை செய்த நாய்க்கு 1.6 மடங்கு, ஏறக்குறைய 900. இந்தத் தீனியில் 100 கிராமுக்கு 350 கலோரி. அப்படியானால் 250 கிராம் சொச்சம். காப்பித்தூள் நிறுக்கும் சின்னத் தராசில் ஒரு தடவை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். எடை பழையபடி 16க்கு வந்தது. ஒரு மூட்டை 40 நாள் வருகிறது, பழைய விலையில் தினம் 41 ரூபாய். இரண்டு வருடமாக நாங்கள் கொடுத்தது இதுதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

11வது மூட்டை. அதே பச்சைப் பை, அதே நாய்ப் படம், அதே விலை. நூலை இழுத்துப் பிரித்துக் கொட்டும்போதே உருண்டை கொஞ்சம் சின்னதாக, கருத்து இருந்தது. வறுத்ததில் வித்தியாசமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் செவலிக்கு வயிற்றால் போனது. மூன்று நாள். இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள், கூப்பிட்டால் வாலை மட்டும் லேசாக அசைத்தாள், எழுந்திருக்கவில்லை. அந்த ராத்திரி எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தூக்கமில்லை. கஞ்சித் தண்ணியும் வேகவைத்த கோழியும் கொடுத்துத் தேற்றினோம்.

காலி மூட்டைகளை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை, தென்னை நாற்றுக்கு எரு அள்ள வைத்திருப்போம். அதில் ஒன்றை எடுத்து, புதுப் பையைப் பக்கத்தில் வைத்து, வெயிலில் இரண்டின் முதுகையும் படித்தேன். முன்பக்கம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் வேறு ஊர், வேறு மாநிலம். 'விற்பனை' என்ற இடத்தில் மட்டும் கடையின் பெயர் அப்படியே. பொருள்கள் வரிசையில் பழைய பையில் முதலில் இருந்தது கோழி இறைச்சித் தூள். புதியதில் முதலில் மக்காச்சோளம், அப்புறம் அரிசித் தவிடு, மூன்றாவதாகத்தான் கோழி. எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுதுவதுதான் வழக்கம். புரதம் 24 போய் 22.

நியாயமாகச் சொன்னால், 22 என்பதும் போதும். மக்காச்சோளம் விஷமில்லை, நன்றாக வெந்திருந்தால் நாய்க்குச் செரிக்கும். வயிற்றால் போனதற்குத் தீனி கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தீனியானாலும் ஒரே நாளில் மாற்றினால் நாய் வயிறு தாங்காது. பழையதில் கால்பங்கு புதியதைக் கலந்து, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். எனக்கு அது தெரியும். மாறியது தெரிந்திருந்தால் கலந்திருப்பேன். என் ஆற்றாமை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான். பை முகத்தில் ஒரு கோடு, 'புதிய தயாரிப்பு, மெதுவாக மாற்றவும்' என்று போட்டிருந்தால் அந்தப் பிராணி மூன்று நாள் கஷ்டப்பட்டிருக்காது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். "ஃபார்முலா இம்ப்ரூவ் பண்ணியிருக்கோம் சார்" என்று ஒரு பெண் பிள்ளை சொன்னது. அதன் மேல் தப்பில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறது.

கடைப் பெயர் போட்ட தீனி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைக்கு ஆலை கிடையாது. யாரோ ஓர் ஆலையில் செய்து வாங்கி, தன் பையில் போடுகிறார்கள். அதனால் அது மட்டம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் காஸ்ட்கோ கடையின் கிர்க்லாண்ட் சிக்னேச்சர் தீனியை டயமண்ட் பெட் ஃபுட்ஸ் செய்து கொடுத்தது. 2012ல் அந்தக் கம்பெனியின் தென் கரோலினா ஆலையில் சால்மொனெல்லா கிருமி வந்து சரக்கைத் திரும்பப் பெற்றபோது கிர்க்லாண்டும் அதில் இருந்தது, அதைவிட விலை கூடிய டேஸ்ட் ஆஃப் த வைல்டும் இருந்தது. விலை எதுவானாலும் ஆலை ஒன்றுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூட்டை எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதுதான். பெரிய பிராண்டும் மாற்றலாம். ஆனால் கடைப் பிராண்டில் ஒப்பந்தம் முடிந்தால் ஆலையே மாறிவிடுகிறது.

மக்காச்சோளம் முதலில் வந்ததில் எனக்கு இன்னொரு பயம். கடலைப்புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் மாட்டுக்குப் போடமாட்டோம் இல்லையா, அந்தப் பூஞ்சையில் வருகிற அஃப்ளாடாக்சின் என்ற விஷம் மக்காச்சோளத்திலும் வரும். சூடாக்கினால் முழுசாகப் போகாது, நாயின் ஈரலைக் கெடுக்கும். இந்தப் பையிலோ வாயை மூட ஜிப் இல்லை, வெறும் நூல் தையல். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கும்போது திறந்த மூட்டை இரண்டு நாளில் நமத்துவிடும். நான் பையை அப்படியே, தீனியைக் கொட்டாமல், மூடி போட்ட டிரம்முக்குள் இறக்கி வைத்து, வாயைச் சுருட்டி துணி கிளிப் போடுகிறேன். நேராக டிரம்மில் கொட்டினால் கொழுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிச் சிக்கு வாடை அடிக்கும், அடுத்த மூட்டையும் அந்த வாடையில் கெடும். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் பையில்தானே இருக்கிறது, அதற்காகவும் பை வேண்டும்.

சரி, 18வது மூட்டை. விலை இறங்கியது என்று போன புதன்கிழமை பாலக்காட்டுக் கிளையில் வாங்கினேன். கடையிலேயே திருப்பிப் படித்தேன். மூன்றாவதாக ஒரு முகவரி. கோழித் தூள் மறுபடியும் முதலிடத்தில், புரதம் 24. முன்பக்கம் அதே பச்சை, அதே நாய். சரக்கு முன்பைவிட மேல், விலையும் குறைவு, அப்படியும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தடவை மிச்சமிருந்த பழையதோடு கலந்து போடுகிறேன். இன்றைக்கு ஆறாம் நாள், பாதிக்குப் பாதி. செவலி நன்றாக இருக்கிறாள், வேலியோரமும் சரியாக இருக்கிறது.

மச்சான், ராஜாவுக்கு நீ வாங்கு. இந்த விலைக்கு இதைவிட நல்லது இங்கே நான் பார்க்கவில்லை. முதலில் 3 கிலோ பை எடு, மெதுவாகக் கலந்து போடு, அட்டவணையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடு. நான் மட்டும் இந்த மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். தினம் 20 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, ஆலையும் பெயரும் ஒன்றாக இருக்கிற ஒரு கம்பெனித் தீனிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவள் படுத்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வாங்கினதும் பையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பொள்ளாச்சிக் கிளையில் எந்த முகவரி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் மூன்று இருக்கிறது, வெட்டி எடுத்துத் தேதி போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.