ரஸ்ட் கன்வெர்ட்டர்: கடலூர் உப்புக்காற்றில் தாக்குப்பிடிக்குமா?

பழைய டாடா 207, மகிந்திரா பிக்கப் வைத்திருப்பவர்கள் துருவுக்கு முதலில் தேடுவது பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரைத்தான், அதாவது துருவைக் கருப்புப் படலமாக மாற்றும் பூச்சு. சேஸிஸுக்கும் சரக்கேற்றும் தொட்டியின் அடிப்பக்கத்துக்கும் நல்ல சரக்கு. ஆனால் ஓட்டை விழுந்த தகரத்தை அது காப்பாற்றாது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்; உள்ளே போனால் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைப்பதுதான் வழி.

கடலூர்க் கடற்கரை தேவனாம்பட்டினம் பக்கம் நிற்கும் வண்டியில் துருக்குழிக்குள் உப்பு தங்கியிருக்கும். அதன் மேலேயே பூசினால் அன்று கருப்பாகும், மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளியாகத் திரும்ப வரும். பொருளைத் திட்டிப் பயனில்லை. கிரைண்டரில் வயர் கப் (கம்பி பிரஷ்) போட்டு உதிரும் செதிலை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின், கையுறை மாட்டி, பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு கோட்டு போதும். தேவையானதை மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மிச்சத்தைக் கேனில் திரும்ப ஊற்றினால் முழுக் கேனும் கெடும்.

துருவோடு சேராமல் மிஞ்சிய ஆசிட் பிசுபிசுவென்று மேலே நிற்கும். அதன் மேல் பெயிண்டுக்கு அடிக்கோட்டான எபாக்ஸி பிரைமர் அடித்தால் சரியாக இறுகாமல் தோலாக உரியும், பள்ளம் நிரப்பும் பட்டியும் (putty) ஒட்டாது. லேபிளில் சொன்னபடி துடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு பிரைமர். வேலையைக் காலை வெயிலில் வையுங்கள், சாயங்கால ஈரக்காற்றில் வேண்டவே வேண்டாம். கதவடி வடிகால் ஓட்டைகளையும் குத்தித் திறந்துவிடுங்கள், பெயிண்டர்கள் அதை அடைத்துவிட்டுப் போவது வழக்கம்.