1:87 அளவில் ஓர் எஸ்டி40-2: நிற்கும் அழகும் ஓடும் குறையும்

ஆறு மாதங்களாக என் மாதிரி ரயில் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும் எச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) எஸ்டி40-2 டீசல் எஞ்சினைப் பற்றிய மதிப்பீடு இது. 1972 முதல் ஈஎம்டி என்ற அமெரிக்க எஞ்சின் நிறுவனம் தயாரித்த, 3,000 குதிரைத்திறன் கொண்ட, ஆறு அச்சுகளில் ஓடும் அந்தச் சரக்கு ரயில் எஞ்சினின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். இங்கே அது 24 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அலமாரியில் நிறுத்தி ரசிப்பவருக்கு இதில் குறை சொல்ல அநேகமாக எதுவுமில்லை. ஓட்டிப் பார்ப்பவருக்குத்தான் இந்தக் கலை இன்னும் எட்டாத இடங்கள் புலப்படும்.

முதலில் அதன் அழகைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட அடிச்சட்டத்தின் மீது உடல் குட்டையாக அமைந்திருப்பதால், இந்த எஞ்சினுக்கு முன்னும் பின்னும் திண்ணை போன்ற திறந்த மேடை உண்டு. அந்தத் திண்ணையின் ஓரத்தில் உள்ள கைப்பிடிக் கம்பிகள் 0.3 மில்லிமீட்டர் உலோகக் கம்பியால் ஆனவை. முழு அளவுக்குப் பெருக்கினால் 26 மில்லிமீட்டர் வரும், அவ்வளவுதான். கூரையின் பின்பகுதியில் 14 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று விசிறிகளின் மேல் போர்த்திய உலோகச் சல்லடை வழியாக, உள்ளேயிருக்கும் இறக்கைகளைத் தனித்தனியாக எண்ணலாம். முன்பெல்லாம் இதே விசிறி, பிளாஸ்டிக்கில் வார்த்த வெறும் மேடு பள்ளமாகத்தான் இருந்தது.

பார்வையைச் சக்கரத்துக்கு இறக்கினால் நிலைமை மாறிவிடுகிறது. சக்கரத்தின் அகலம் 2.79 மில்லிமீட்டர். முழு அளவில் இது 243 மில்லிமீட்டர் ஆகும். உண்மையான சக்கரமோ சுமார் 140 மில்லிமீட்டர்தான். 457 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவிலும் இந்த எஞ்சின் தடம் புரளாமல் திரும்ப வேண்டும் என்பதே இந்தச் சமரசத்துக்குக் காரணம். அந்த ஆரத்தைப் பெருக்கினால் வெறும் 40 மீட்டர், எந்த முதன்மைப் பாதையிலும் காண முடியாத கூர்மையான வளைவு. ப்ரோட்டோ:87 முறையைப் பின்பற்றுவோர் சக்கரத்தையும் சரியான அளவிலேயே செய்துகொள்கிறார்கள் என்றாலும், அதற்கேற்ற பாயிண்டுகளை, அதாவது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்புகளை, பொறுமையாகத் தாமே செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இதை நான் தயாரிப்பாளரின் தவறாகக் கருதவில்லை. இடம் குறைவாக உள்ள வீடுகளில் இந்தச் சிக்கல் தீரும் என்றும் தோன்றவில்லை.

ஒலிதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஹாரனும் மணியும் மிகத் துல்லியமாக ஒலிக்கின்றன. ஆனால் அசல் எஞ்சினில் 16 சிலிண்டர்கள், டூ ஸ்ட்ரோக் முறை. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று, சுற்றுக்கு 16 வெடிப்பு, அதாவது நொடிக்கு 80. தரையை அதிரவைக்கும் அந்த 80 ஹெர்ட்ஸ் அடிநாதத்தை விரல் நகமளவு ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. நம் காதுக்கு எட்டுவது அதன் மேல்சுருதிகள் மட்டுமே. மேசைக்கடியில் பெரிய ஸ்பீக்கரை வைத்து, கனத்த ஒலியை மட்டும் அதற்கு அனுப்புவதே நடைமுறையில் கைகொடுக்கும் வழி என நினைக்கிறேன்.

தண்டவாளத்தில் படியும் கருப்பு அழுக்கால் மின்சாரம் விட்டுவிட்டு வரும் பழைய தொல்லையை, உள்ளேயுள்ள மின்தேக்கி ஓரளவு சமாளிக்கிறது. பேட்டரியையும் ரேடியோ கட்டுப்பாட்டையும் எஞ்சினுக்குள்ளேயே அடக்கிவிட்டால் தண்டவாளத்தைத் துடைக்கும் வேலையே இருக்காது. பெரிய அளவுகளில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது, எச்ஓவில்தான் இடம் நெருக்கடி.

இவை அனைத்தையும்விட என்னை வருத்துவது உதிரிபாகம். மூன்றாம் மாதத்தில், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எஞ்சினில் ஏறுவதற்கான முன்படிகளில் ஒன்று உடைந்தது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதில், ஒரு முறைக்கான உற்பத்தி முடிந்துவிட்டால் பாகங்கள் கையிருப்பில் இராது என்று பதில் வந்தது. 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் டிசிசி என்ற எண்முறைக் கட்டுப்பாட்டுத் தரநிலையை வகுத்ததால்தான், அதைப் பின்பற்றும் எந்த நிறுவனத்தின் டிகோடரையும் (கட்டளையை ஏற்று எஞ்சினை இயக்கும் மின்சுற்று) இன்று அதைப் பின்பற்றும் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியாலும் இயக்க முடிகிறது. நுணுக்கம் கூடக்கூட உடையும் பாகங்களும் கூடுகின்றன. ஆனால் அவற்றுக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை.

எட்ட நின்று பார்த்து ரசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். தினமும் கையில் எடுத்து ஓட்டுபவர்கள், வாங்கும் முன் உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளட்டும். என் எஞ்சினில் இப்போது இருப்பது, நண்பர் ஒருவர் அளந்து வரைந்து ரெசின் முப்பரிமாண அச்சில் எடுத்துத் தந்த மாற்று முன்படி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடுக்குக் கோடுகள் தெரிகின்றன, ஆனால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த வரைபடத்தை நிறுவனமே வெளியிட்டிருந்தால், அவர் இரண்டு வாரம் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.